கிழக்கே தொட்டி, மேற்கே தண்ணீர்

இரண்டு ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் ஒரே மாதிரி மணல் வந்துவிட்டால், கை தானாகவே பென்சிலை எடுத்து இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்துவிடும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவதற்குத்தான் நமக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வேறு எதைச் சொல்லாமல் போனாலும் இதைச் சொல்லாமல் போக மாட்டேன்.

உங்களுக்கு எல்லாம் திரையில் வண்ண வண்ணமாக வருகிறது. கோட்டையும் கணினியே போட்டுத் தருகிறதாம். நாங்கள் தப்பான கோட்டைக் கூடக் கையால்தான் போட்டோம். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் பக்கத்தில் நிற்கிறவர் யாராவது "ஏன்?" என்று கேட்டுவிட வாய்ப்பு இருந்தது. கோபப்பட வேண்டாம். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய் இன்னும் நீண்டுவிட்டது என்று என் வீட்டிலேயே சொல்கிறார்கள்.

துளை போடுவது எப்படி, கருவியை இறக்குவது எப்படி என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் ஓர் ஊரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. திருநெல்வேலியில், கிராமங்களுக்குக் குடிநீர் தேடித் தரும் ஓர் அலுவலகத்தில் நான் நிலவியலாளர். எங்கள் மாவட்டத்தில் பெரும்பகுதி கெட்டிப் பாறை. பாறையில் வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்துத் துளை போட்டால் தண்ணீர். எங்கள் ஆட்கள் அதில் புலிகள். ஆனால் சாத்தான்குளம், திசையன்விளை தாண்டிக் கடலை நோக்கிப் போனால் கதை வேறு. மேலே தேரி என்று சொல்லும் செம்மணல் மேடு. அதற்குக் கீழே மணல், களி, சிப்பி, மறுபடி மணல் என்று அடுக்கடுக்காக இருக்கும். கடல் உள்ளே ஏறி வந்தபோது ஒன்றும், பின்வாங்கிப் போனபோது ஒன்றுமாகப் போட்டுவிட்டுப் போன அடுக்குகள். பாறையில் பழகிய கண்ணை இவை நன்றாகவே ஏமாற்றும்.

திசையன்விளைக்குக் கிழக்கே இருந்தது அந்த ஊர். பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் இப்போதும் என்னிடம் உரிமையோடு சண்டைக்கு வருவார்கள், அதனால் வேண்டாம். ஊருக்குள் எங்கே தோண்டினாலும் உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, டீ திரிந்துபோகும். நல்ல தண்ணீருக்குப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்த் தோட்டத்துக் கிணற்றுக்குப் போவார்கள். தோட்டக்காரர் மனசு வைத்தால் தண்ணீர், வைக்காவிட்டால் வெறுங்குடம். நான் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் தண்ணீரைப் பற்றி யாரும் பேசியதே கிடையாது. அந்த ஊரில் தண்ணீரைத் தவிர வேறு எதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

ஊராட்சித் தலைவர் செல்லக்கனி அக்கா. பெண்களுக்கு இட ஒதுக்கீடு வந்து நடந்த தேர்தலில் ஜெயித்தவர். அவருடைய கொழுந்தனார்தான் முன்னாள் தலைவர். அண்ணி பெயரில் தானே நாற்காலியில் உட்காரலாம் என்று நினைத்து அவரை நிறுத்தினார். அக்கா ஜெயித்த மறுநாளே நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஓட்டுக் கேட்டபோது அவர் ஒரே ஒரு வாக்குறுதிதான் கொடுத்திருந்தார்: நல்ல தண்ணீர். அது வராவிட்டால் அவரை இறக்கிவிட ஆட்கள் தயாராக இருந்தார்கள், அதுவும் சொந்த வீட்டிலேயே.

இதில் ஒரு சிக்கல். அந்த ஊரில் மேல்நிலைத் தொட்டி முதலிலேயே கட்டி முடிந்துவிட்டது. சிரிக்காதீர்கள். தொட்டிக்கு ஒரு திட்டம், கிணற்றுக்கு ஒரு திட்டம். தொட்டித் திட்டம் முந்திக்கொண்டது. ஊருக்குக் கிழக்கே வெள்ளையடித்து, ஏணியெல்லாம் வைத்து, தொட்டி ஜம்மென்று நின்றது. உள்ளே பல்லி குடித்தனம் நடத்தியது. எனவே கிணறு எங்கே போட வேண்டும் என்ற கேள்விக்கு நாங்கள் யோசிக்கும் முன்பே பதில் தயாராகிவிட்டது: தொட்டிக்குப் பக்கத்தில்.

அந்த வட்டாரத்தில் அதற்கு முன்பே சோதனைக்காக மூன்று துளைகள் போட்டிருந்தோம். ஒன்று ஊருக்கு மேற்கே, வெகுதூரத்தில், வேறு ஊராட்சி எல்லைக்குள். ஒன்று நடுவில். மற்றொன்று கிழக்கே, தொட்டிக்கு அருகில். மூன்றிலும் மின்பதிவு எடுத்திருந்தோம். அதாவது ஒரு கருவியைத் துளைக்குள் இறக்கினால் அது காகிதத்தில் ஒரு கோடு வரைந்துகொண்டே வரும். களி வந்தால் கோடு ஒரு பக்கம் ஒதுங்கும், மணல் வந்தால் மறுபக்கம் புடைக்கும். மூன்று காகிதங்களிலும் கிட்டத்தட்ட ஒரே ஆழத்தில் ஒரு நல்ல புடைப்பு.

எங்கள் மேலதிகாரி மூன்றையும் மேசையில் வரிசையாக விரித்து, மேற்கிலிருந்து கிழக்கு வரை ஒரே பட்டையாக மஞ்சள் தீட்டினார்.

"பாத்தியளாம்மா, எல்லாம் ஒரே மணல். மேற்க நல்ல தண்ணி, கிழக்க லேசா உப்பு. கிழக்க துளையப் போட்டு இழுத்தம்னா மேற்க கெடக்க நல்ல தண்ணி பைய வந்து சேந்துரும். இழுக்க இழுக்க நல்லாயிரும்."

அவரை நீங்கள் குறைவாக நினைத்துவிடக் கூடாது. பாறையில் அவர் போட்ட கிணறுகளை நம்பி எத்தனையோ ஊர்கள் இன்றும் இருக்கின்றன. நேர்மையானவர். அவர் சொன்ன நியாயமும் அழகாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றுதான் உறுத்தியது.

"சார், நடுவுல உள்ள துளையில தண்ணி கிழக்க விட உப்பா இருந்துச்சே?"

"அந்தத் துளைய ஒழுங்கா கட்டல. மேல உள்ள உப்பு உள்ள எறங்கியிருக்கும்."

இருக்கலாம். ஆனால் மேற்கே இருக்கும் நல்ல தண்ணீர் கிழக்கே வர வேண்டுமானால் நடுத்துளை வழியாகத்தான் வர வேண்டும். நடுவில் போய் உப்பு குவிந்து கிடப்பானேன்? நமக்கு ஒத்துவராத ஒரே ஒரு தகவல் கையில் இருக்கும்போது, அதைக் கிணறு கட்டியவன் தலையில் போட்டுவிடுவது ரொம்பச் சுலபம். நம் தொழிலில் பாதிப் பிழைகள் அப்படித்தான் பிறக்கின்றன.

அந்தச் சமயத்தில் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். மறுவீட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் கல்லூரியில் என்னோடு படித்தவன், எண்ணெய் தேடும் வேலையில் வடக்கே எங்கோ இருந்தான். இலையில் சொதி ஊற்றும் வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை. ஊர், தொட்டி, மூன்று துளைகள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவன் சாவகாசமாகச் சிரித்தான். "ஏ பிள்ள, இன்னும் நீங்க மணல மணலோட சேத்துக்கிட்டுதான் இருக்கியளா? நாங்க அத விட்டு வருசக்கணக்காச்சு."

"ஏலே, பீத்தாம விசயத்தச் சொல்லு."

பரிமாறுகிறவரிடம் அவன் கூடுதலாக அப்பளம் கேட்டு வாங்கினான். இலையோரத்தில் ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து வரிசையாக அடுக்கினான். பக்கவாட்டில் விரலை நேராக ஓட்டிக் காட்டினான். "நேரா போனா எங்க தொட்டாலும் அப்பளம்தான். ஆனா ஒரே அப்பளமா? இல்லல்லா. ஒவ்வொண்ணும் வேற. கடற்கரை மணலும் அப்படித்தான். கடல் பின்வாங்கப் பின்வாங்க ஒவ்வொரு கரையா முன்னால போட்டுக்கிட்டே போவும். ஒரே ஆழத்துல இருக்கதுனால ஒரே மணல் ஆயிராது."

"அப்ப எதத்தான் சேக்க?"

"கடல் திடீர்னு ஏறி வந்து எல்லாத்தையும் மூடுச்சுன்னா, அது எல்லா எடத்துலயும் ஒரே சமயத்துல மூடும். அந்த அடையாளத்தத் தேடு. சிப்பி இருக்கும், அதுக்கு மேல வழுவழுன்னு களி இருக்கும். அதச் சேரு. மணல் எங்க நிக்கின்னு தானா தெரியும்."

சொல்லிவிட்டு அப்பளத்தையெல்லாம் நொறுக்கிச் சாப்பிட்டுவிட்டான். சீக்வென்ஸ் ஸ்ட்ராட்டிகிராபி என்ற பெரிய பெயரில் நீங்கள் இப்போது தேர்வு எழுதித் தேறி வருகிறீர்களே, அது எனக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். மணலைச் சேர்க்காதே, கடல் ஏறி வந்த நேரத்தைச் சேர். இதைவிடச் சுருக்கமாக அதை எனக்குச் சொல்லத் தெரியாது.

துளை போடும்போது கீழிருந்து வரும் மண்ணை ஆழவாரியாகப் பைகளில் கட்டி வைப்போம். அந்தப் பைகள் பேட்டையில் ஒரு பழைய கொட்டகையில் கிடந்தன. இரண்டு பக்கமும் லேத் பட்டறை, பேச்சே காதில் விழாது. மறுநாளே போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பையாகப் பிரித்து, மண்ணை அரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். என் அலுவலக நண்பர்கள் மதியம் டீ குடிக்கப் போகும்போது, "மேடம் அங்கன இருந்து சோழி பொறுக்குதாவ" என்று கேலி பேசியது காதுக்கு வந்தது. வரட்டும்.

சிப்பி கிடைத்தது. மேற்குத் துளையில் நல்ல மணலுக்கு மேலே உடைந்த சிப்பிகள் கனமாக ஒரு பட்டை, அதற்கு மேலே நீலம் பாய்ந்த களி. நடுத்துளையில் அதே சிப்பிப் பட்டை, அதே களி. ஆனால் அது நம் மஞ்சள் மணலுக்குக் கீழே இருந்தது. மேற்கு மணல் கடல் ஏறி வருவதற்கு முன்பு படிந்தது. நடு மணல் கடல் ஏறிவிட்டுத் திரும்பியபோது படிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கடலே இருக்கிறது. மேலதிகாரி தீட்டிய மஞ்சள் பட்டை அந்தக் கடலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது.

நடுத்துளையில் சிப்பிக்குக் கீழேயும் கொஞ்சம் மணல் இருந்தது. அதுதான் மேற்கு மணலின் தொடர்ச்சி. களி மூடி போட்டுக் காத்து வைத்திருந்தது, நாங்கள் அதைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. தொட்டிக்கு அருகில் இருந்த மணல் இளையது. கடலோடு நேரடித் தொடர்பு உள்ளது. அதில் மோட்டாரைப் போட்டு இழுத்தால் வருவது மேற்கே உள்ள நல்ல தண்ணீர் அல்ல, கடல்.

மேலதிகாரியிடம் சொன்னேன். மூன்று காகிதங்களையும் மறுபடி விரித்துப் பார்த்தார். "சிப்பி ரெண்டு எடத்துல ரெண்டு தடவையா வந்திருக்கலாமேம்மா. அது ஒண்ணுதாம்னு என்ன நிச்சயம்?" என்றார். நல்ல கேள்வி. நூற்றுக்கு நூறு நிச்சயம் என்னிடம் இல்லை. பூமிக்கு அடியில் மூன்று ஊசித் துளை போட்டுப் பார்த்துவிட்டு யாரும் அப்படி நிச்சயம் பேச முடியாது.

துளை போடும் ரிக் வண்டி அடுத்த மாவட்டத்துக்குப் போக உத்தரவாகியிருந்தது. போவதற்கு முன்பு அந்த ஊருக்கு ஒரே ஒரு துளை. கிழக்கே தொட்டிக்குப் பக்கத்திலா, இல்லை நான் சொல்லும் இடத்திலா என்று முடிவாக வேண்டும். நான் சொன்ன இடம் ஊருக்கு மேற்கே, மேற்குத் துளைக்கும் நடுத்துளைக்கும் இடையே, தேரி ஓரத்தில், பனைகளுக்கு நடுவே ஒரு புறம்போக்கு. மேலதிகாரி நியாயமான ஒரு காரியம் செய்தார். "குடிக்கப் போறது ஊரு. ஊர்ல வச்சே பேசுவோம்" என்று என்னையும் அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்தார்.

காலித் தொட்டியின் நிழலில் கூட்டம். கொழுந்தனார் ஆட்கள் முன்வரிசையில். செல்லக்கனி அக்கா கைகட்டி நின்று இரண்டு பேர் பேசியதையும் கேட்டார். அப்பளக் கதையை நானும் சொல்லிப் பார்த்தேன், கூட்டத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு அக்கா கேட்டார்.

"சார், நீங்க சொல்லுத எடத்துல தண்ணி கெடைக்குமா?"

"கண்டிப்பா கெடைக்கும்."

"நல்ல தண்ணியா?"

"மொதல்ல லேசா உப்பு இருக்கும். இழுக்க இழுக்க நல்லாயிரும்."

என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. ஒன் எடத்துல கெடைக்குமா?"

'கிடைக்கும்' என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. அந்த ஒரு சொல்லைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். "கெடைக்காமலும் போவலாம்க்கா. கெடைச்சா நல்ல தண்ணி. இங்க கிழக்க கண்டிப்பா கெடைக்கும். ஆனா உப்பு. இழுக்க இழுக்கக் கூடும், கொறையாது."

கூட்டத்தில் சத்தம். "கெடைக்காதுன்னு அவியளே சொல்லுதாவ, பெறவு என்ன?" என்று கொழுந்தனார் எழுந்தார்.

அக்கா அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. "உப்புத் தண்ணிதான் ஊரெல்லாம் கெடக்கே. அதுக்கு எதுக்குய்யா ரிக்கு வண்டி? மேற்க போடுங்க."

முடிவு எடுக்கிறவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது தைரியம் அல்ல. நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைத்தான் கொடுக்க வேண்டும். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிற்பாடு எத்தனையோ பெரிய அறைகளில் பெரிய நாற்காலிகளுக்கு முன்னால் நின்று பேசியிருக்கிறேன். அன்று அந்த அக்கா எடுத்ததுபோல் சுத்தமான ஒரு முடிவை நான் பார்த்தது அபூர்வம்.

துளை இறங்கியது. மேலதிகாரியின் மஞ்சள் மணல் வர வேண்டிய ஆழம் வந்தது. மணல் இல்லை. களி. அதைத்தான் நானும் எதிர்பார்த்தேன். இளைய மணல் இந்த இடம் வரை எட்டாது, பழைய மணல் இன்னும் கீழே. அதனால் கொஞ்சம் தெம்பாகவே இருந்தேன். நான் கணக்குப் போட்ட ஆழமும் வந்தது. களி. அதையும் தாண்டியது. களி. தெம்பெல்லாம் எங்கேயோ ஓடிப்போயிற்று.

ரிக் ஓட்டுகிற அண்ணாச்சி இயந்திரத்தை மெதுவாக்கினார். "எம்மா, இது வெறுங் களியால்லா வருது. இதுக்கு மேல போயி என்ன செய்ய? குழாய உருவிருவமா?"

அந்த நேரம் பார்த்து மேலதிகாரியின் ஜீப் வந்து நின்றது. இறங்கி, குவித்து வைத்திருந்த களியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கொழுந்தனார் ஒரு பனையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "போதும்மா. நிறுத்தச் சொல்லுங்க. இன்னும் நேரம் இருக்கு, வண்டிய அப்படியே கிழக்க கொண்டு போயிருவோம்" என்று தணிந்த குரலில்தான் சொன்னார். என்னை அவமானப்படுத்த அவருக்கு எண்ணம் இல்லை. அந்தக் கனிவுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

களியில் மணல் கலந்திருக்கிறதா என்று பார்க்க, நாங்கள் ஒரு துளி எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்போம். மணல் இருந்தால் நறநறக்கும். காலையிலிருந்து ஒவ்வொரு பையிலும் கடித்துப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன், வாயெல்லாம் சேறு. காலையில் வந்த களி நறநறத்தது. மதியம் குறைந்தது. இப்போது வந்த களியில் ஒரு நறநறப்பும் இல்லை. அது என்ன சொல்கிறது? கரையை விட்டு வெகுதூரம் தள்ளி, ஆழக் கடலில் படிந்த களி இது. கீழே போகப் போகக் கடல் ஆழமாகிக்கொண்டே வருகிறது. ஏறி வந்த புதிதில்தான் கடல் இங்கே மிக ஆழம், அப்படியென்றால் அந்த நேரத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறோம். நான் போட்ட ஆழக் கணக்கு தப்பு. வரிசை தப்பில்லை.

இதை எல்லாம் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. இரண்டு கையிலும் களியை எடுத்துக்கொண்டு மேலதிகாரி முன்னால் போய் நின்றேன்.

"சார், இது காலையில வந்தது. இது இப்ப வந்தது. ரெண்டையும் கடிச்சுப் பாருங்க."

"ஏம்மா, எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும் சார்."

வெள்ளைச் சட்டை போட்ட மனிதர். சுற்றும் முற்றும் பார்த்தார். முதல் களியைக் கடித்தார், துப்பினார். இரண்டாவதைக் கடித்தார். துப்பவில்லை. மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். நிலவியல் படித்த மனிதரல்லவா, அந்த வாய்க்குப் புரிந்துவிட்டது.

"வெண்ணெயால்லா இருக்கு" என்றார். பிறகு ரிக் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, இன்னும் ஒரு குழாய் எறக்குங்க" என்றார்.

அந்தக் குழாய் பாதி இறங்கும்போது சத்தம் மாறியது. கடகடவென்று ஒரு உதறல். மேலே வந்த சேற்றில் கைவிட்டு அள்ளினேன். உள்ளங்கை நிறையச் சிப்பி. அடுத்த பையில் சுத்தமான மணல். மேலதிகாரி என் கையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்துச் சட்டையிலேயே துடைத்து வைத்துக்கொண்டார். உங்கள் எதிர்க்கருத்துக்காரர் களியைக் கடிக்கத் தயாராக இருக்கிறவராக அமைந்துவிட்டால், அதைவிட நல்ல யோகம் இந்தத் தொழிலில் கிடையாது.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் உங்களுக்குச் சொல்லியே இருக்க மாட்டேன்.

மேலே உள்ள உப்பு கசிந்து இறங்காமல் களியின் மட்டத்தில் சிமெண்டால் அடைத்தோம். குழாய் இறக்கி, கம்ப்ரசர் கொண்டுவந்து காற்றைச் செலுத்தித் தண்ணீரை வெளியே தள்ளினோம். ஊரே திரண்டு வந்திருந்தது. முதலில் சேறு வந்தது. பிறகு பால் நிறத்தில் தண்ணீர் பீறிட்டது. பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். செல்லக்கனி அக்கா எல்லோரையும் விலக்கி முன்னால் வந்தார், இரண்டு கையாலும் ஏந்தி வாயில் வைத்தார்.

துப்பினார்.

"உப்பு" என்றார்.

கூட்டத்தில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கொழுந்தனார் இப்போது பனையை விட்டு நிமிர்ந்து வந்தார். "பொம்பள சொன்னா, பொம்பள கேட்டா. ஊரு மண்ணத் தின்னணுமா?" என்றார். என்னைச் சொன்னதைவிட அக்காவைச் சொன்னதுதான் எனக்குச் சுட்டது.

யோசித்தேன். மற்றவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போது யோசிப்பதுதான் வேலை. துளை இடிந்து விழாமல் இருக்கக் களி கரைத்த தண்ணீரை நாள் முழுவதும் உள்ளே விட்டுக்கொண்டே இருப்போம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஊர்க் கிணற்றிலிருந்து, டேங்கர் வண்டியில். உப்புத் தண்ணீர். இப்போது வெளியே வருவது நாங்களே ஊற்றியது.

"அக்கா, இது கீழ உள்ள தண்ணி இல்ல. நாங்க ஊத்துன தண்ணி. இது முழுசும் வெளிய போவணும். தள்ளத் தள்ள நல்லாயிரும்."

சொல்லி முடிக்கும் முன்பே எனக்கே உறைத்தது. மேலதிகாரி மெல்லச் சொன்னார்: "இதத்தானம்மா நானும் கிழக்க சொன்னேன்?"

ஆமாம். வார்த்தைக்கு வார்த்தை அதேதான். கூட்டத்துக்கு எனக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உண்மையான விளக்கமும் சால்ஜாப்பும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும், அதை மறக்காதீர்கள். பேச்சில் வித்தியாசம் தெரியாது. பொறுத்திருந்து அளந்தால்தான் தெரியும். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் சிறு கருவி என்னிடம் இருந்தது. டேங்கரில் மிச்சம் இருந்த தண்ணீரை அளந்தேன். குழாயில் வந்ததை அளந்தேன். கிட்டத்தட்ட ஒன்று. மேலதிகாரியிடம் காட்டினேன்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும் சார். கொறையலன்னா நானே நிறுத்தச் சொல்லுதேன்."

அவர் தலையாட்டிவிட்டு ஜீப்பில் சாய்ந்துகொண்டார்.

வெயில் ஏறியது. கூட்டம் கரைந்தது. குடங்கள் வந்த வழியே திரும்பிப் போயின. கொழுந்தனார் போகும்போது நின்று, "மதினி, வெயில்ல நிக்காதிய. நாளைக்கு நாங்க பேசிக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன பேசுவார்கள் என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்கா நகரவில்லை. தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில், செம்மணலில், சேலையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் அளந்துகொண்டே இருந்தேன். முள் அசைய மறுத்தது. மறுபடி அளந்தேன். அண்ணாச்சி, "எம்மா, டீசல் தீந்துக்கிட்டு இருக்கு" என்றார். "ஊத்துங்க" என்று கத்தினேன். "நிறுத்தட்டுமா" என்று அவர் இன்னொரு முறை கேட்டபோது என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. பிறகு முள் ஒரு கோடு இறங்கியது. நம்பாமல் திரும்ப அளந்தேன். இன்னும் ஒரு கோடு. மேலதிகாரி ஜீப்பை விட்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். கருவியை என்னிடமிருந்து வாங்கித் தானே அளந்தார். அக்காவைப் பார்த்துக் கையசைத்து அழைத்தார்.

பால் நிறம் போய்த் தண்ணீர் தெளிந்திருந்தது. அக்கா எழுந்து மணலைத் தட்டிவிட்டு வந்தார். இந்த முறை கொஞ்சமாகத்தான் ஏந்தினார். நாக்கில் வைத்தார். விழுங்கினார். மறுபடி ஏந்தி, மடமடவென்று குடித்தார். மூன்றாவது முறை முகத்தில் அடித்துக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

'உப்பு' என்றதோடு நிறுத்தியிருந்தவர் அப்போதுதான் மறுபடி வாய் திறந்தார். எங்களைப் பார்த்து அல்ல, செம்மணலுக்குள் வழிந்து இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்து, பிள்ளை தவறி விழுந்ததைக் கண்டவர்போலப் பதறினார்.

"நிறுத்துங்கய்யா, நிறுத்துங்க! நல்ல தண்ணியெல்லாம் மண்ணுக்குள்ள போவுது!"

இன்னும் சில மணி நேரம் ஓடவிட்டுத் தண்ணீர் மட்டத்தைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. நிறுத்தாதே, நிறுத்தாதே என்று பகல் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியவளும் நான்தான். ஓடிப்போய் கம்ப்ரசரை நானே அணைத்தேன்.